காகித ஆலைக் கசடு எருவாகுமா?

காகித ஆலைக் கசடை மக்க வைக்கும் வேலையில் சில வருடம் இருந்தவன் என்று கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாழை விவசாயி ஒருவர்: கசடு லோடு சும்மாவே கிடைக்கிறது. நேராகப் போடலாமா?

வேண்டாம். ஆலையின் கழிவுநீர் போய்ச் சேரும் முதல் தொட்டியில் படிவது பெரும்பாலும் நார். அதில் கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் 100-க்கு மேல் போகும். பச்சையாகப் போட்டால், நாரைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளடிக்கும். முதல் தடவை நானும் அப்படித்தான் போட்டு மக்காச்சோளத்தைக் கெடுத்தேன். அடுத்த தொட்டிக் கசடு வேறு விஷயம். அது கழிவுநீரைச் சுத்தம் செய்த நுண்ணுயிர்களின் உடல்தான், தழைச்சத்து நிறைய. இரண்டையும் கலந்து மக்க வைப்பது நல்லது.

அவரே: முதல் தொட்டிக் கசடு மட்டும்தான் தருகிறார்கள்.

கணக்குப் போடுவோம். காய்ந்த எடையில் 1 டன் கசடு, விகிதம் 150, கரிமம் 400 கிலோ என்று வையுங்கள். விகிதத்தை மக்குவதற்கு ஏற்ற 30-க்கு இறக்க 13 கிலோ தழைச்சத்து வேண்டும். இருப்பதோ 3 கிலோகூட இல்லை. மீதிக்கு யூரியா என்றால் சுமார் 23 கிலோ. நான் கோழி எருவைத்தான் சேர்ப்பேன். சுண்ணாம்பு கலந்த கசடில் யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் நிறைய அமோனியாவாகப் பறந்துவிடும்.

இன்னொருவர்: குவியல் நாறுகிறது.

உள்ளே காற்றில்லை. மரச்சில்லு, மரப்பட்டை கலந்து புரட்டுங்கள். கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. குவியலின் நடுவில் 55 டிகிரி சூடு மூன்று நாளாவது நிற்க வேண்டும்.

மாடித்தோட்டக்காரர்: பழைய தாளிலிருந்து மை நீக்கும்போது வரும் கசடு என்றால்?

நீல மையில் செம்பு இருக்கும். மக்கினாலும் உலோகம் போகாது. குவியல் சுருங்கச் சுருங்க அதன் செறிவு கூடும். குளோரின் வாயுவால் கூழை வெளுக்கும் பழைய ஆலை என்றால் டயாக்சின் என்ற நச்சின் பயமும் உண்டு. ஆய்வு அறிக்கை கையில் இல்லாமல் கீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக ஒருவர்: எங்களுடையது சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண். போடலாமா?

காகிதத்தில் நிரப்பியாகச் சேர்க்கும் சுண்ணாம்புத்தூள் கசடிலும் வரும். நீலகிரி மாதிரி அமில மண்ணுக்கு அது வரம். உங்களுக்குத் தேவையே இல்லை. கூழாக்கச் சேர்க்கும் காஸ்டிக் சோடாவின் சோடியமும் மிஞ்சியிருக்கலாம், உப்பளவு பார்த்துவிடுங்கள். அப்புறம், மக்கியதா என்று தெரிய ஒரு சட்டியில் எருவும் மண்ணும் கலந்து பச்சைப்பயறு போடுங்கள். முளை கருகினால் இன்னும் ஒரு மாதம் குவியலிலேயே கிடக்கட்டும்.