இளம்பிள்ளைக்கு ஒரு டிக்கெட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணி மாறுதலில் சேலத்துக்கு வந்து ஓராண்டு ஆகிறது. ஊரைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் கடந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் நகரப் பேருந்துகளிலேயே சுற்றினேன். பழைய பேருந்து நிலையம், ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, ஜங்ஷன் என்று மாறி மாறிச் சென்றும், கடைத்தெருக்களையும் மேம்பாலங்களையும் தவிர எதையும் பார்த்ததாகத் தோன்றவில்லை. பைக்கில் போயிருந்தால் பாதி நேரம் மிச்சம் என்கிறார்கள் நண்பர்கள். ஊர் பார்ப்பதற்குப் பேருந்து ஏற்றதுதானா? ஏற்காட்டுக்கும் இப்படியே போகலாமா?

எம்., அழகாபுரம்

அன்புள்ள எம்.,

பேருந்து ஏற்றதுதான், நீங்கள் தேர்ந்தெடுத்த கிழமைதான் பொருந்தவில்லை. வெள்ளிக் கொலுசு, தறி, ஜவ்வரிசி என்று பகுதிக்கொரு தொழிலால் வளர்ந்த ஊர் சேலம். ஞாயிறன்று பட்டறைகள் பெரும்பாலும் ஓய்ந்திருப்பதால், உடன் ஏறுகிறவர்கள் துணிக்கடைக்கோ கோயிலுக்கோ போகிறவர்களாகவே இருப்பார்கள். அது எந்த ஊரிலும் காணக்கூடிய கூட்டம். ஒரு வேலைநாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். நடுவூரிலேயே வண்டி மாறிக்கொண்டிருக்காமல், கடைசி நிறுத்தம் வரை சீட்டு வாங்குங்கள்.

முதலில் சிவதாபுரம், சித்தர்கோயில் வழியாக இளம்பிள்ளை செல்லும் பேருந்தைச் சொல்வேன். சேலத்தை அறிய இதைவிட நல்ல வழித்தடம் எனக்குத் தெரியாது. சிவதாபுரம் கொலுசுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். சென்ற மாதம் இந்த வழியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாள் ஒருவர் மடியில் வைத்திருந்த மஞ்சள் பையைப் பிரித்து, துண்டில் சுற்றிய கொலுசுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார். அவை மெருகு ஏறாதவை; வெள்ளி என்று நாம் நினைக்கும் மினுமினுப்பு இல்லாமல், சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலான வெண்மையில் இருந்தன. ஒரு ஜோடி பல வீடுகளையும் பல கைகளையும் கடந்துதான் கடைக்குப் போகிறது என்பதையும், அந்தப் பயணத்தில் ஒரு பகுதி இந்தப் பேருந்தில்தான் நடக்கிறது என்பதையும் அவரிடம் பேசியே அறிந்தேன். பைக்கில் அந்தச் சாலையைப் பலமுறை கடந்திருக்கிறேன். ஒரு கொலுசைக்கூடப் பார்த்ததில்லை.

அடுத்து வருவது கஞ்சமலை. இரும்புத் தாது நிறைந்த இந்த மலையின் அடிவாரத்தில்தான் சித்தர்கோயில் இருக்கிறது. அமாவாசையன்று நிற்கக்கூட இடம் கிடைக்காது. அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். அதற்கப்பால் இளம்பிள்ளையை நெருங்கும்போது சேலைக் கட்டுகள் ஏறத் தொடங்கும், வண்டி நின்றால் தறிச் சத்தம் கேட்கும். வெள்ளி, இரும்பு, பட்டு மூன்றையும் ஒரே சீட்டில் பார்த்துவிடலாம்.

திசை தெரியவில்லை என்று நீங்கள் எழுதவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேலத்துக்கு வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. எந்தப் பேருந்தில் ஏறினாலும் சன்னலில் எந்த மலை பெரிதாகிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று பயணங்களில் ஊர் உங்கள் மனத்தில் தானாக அமைந்துவிடும். பழைய பேருந்து நிலையத்திலிருந்து கன்னங்குறிச்சி செல்லும் வண்டியில் சேர்வராயன் மலை அப்படித்தான் எதிரே எழுந்து வரும். அங்கே இறங்கி மூக்கனேரிக் கரையில் சற்று நேரம் நடக்கலாம். ஏரிக்குள் அமைத்த மண் திட்டுகளில் மரங்கள் வளர்ந்து பறவைகள் தங்குகின்றன.

ஏற்காட்டுக்கும் தாராளமாகப் பேருந்தில் போகலாம், ஆனால் அதுவும் ஞாயிறன்று வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குச் செல்லும் அந்தப் பாதையில், சொந்த வாகனம் ஓட்டுகிறவருக்கு வளைவைத் தவிர வேறெதையும் பார்க்க வாய்ப்பில்லை. பேருந்தில் அமர்ந்திருப்பவரோ, அடிவாரத்து முட்புதரும் மூங்கிலும் எந்த வளைவில் விடைபெறுகின்றன, மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளும் எங்கே தொடங்குகின்றன என்பதை நிதானமாகக் கவனிக்கலாம். சுற்றுலா வந்தவர்கள் ஏரி அருகே இறங்கிவிடுவார்கள். நீங்கள் நாகலூர் போன்ற மலைக் கிராமங்களுக்குப் போகும் பேருந்தைப் பிடியுங்கள். சேலத்தில் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போய்விட்டு அரிசி மூட்டையோடு திரும்பும் மலைவாழ் மக்களோடு அமர்ந்து செல்லும்போதுதான், ஏற்காடும் சேலமும் ஒன்றையொன்று எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பது விளங்கும். ஏறியவுடன் கீழே திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில்லறையும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் பையில் இருக்கட்டும்.

இளம்பிள்ளைக்குப் போய்வந்ததும் அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்