மட்டக்களப்பில் தீயணைப்பு வீரராகச் சேர உடம்புப் பலம் மட்டும் போதுமா?

கேள்வி: மட்டக்களப்பில் இருக்கிறேன், ஏ.எல். முடித்துவிட்டேன். மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவில் சேர விருப்பம். வெளிநாட்டில் தீயணைப்பு வீரரே பரமெடிக் எனும் அவசர மருத்துவ உதவியாளர் வேலையும் பார்க்கிறார்களாம். இங்கும் அப்படியா? உடம்புப் பலத்தைத் தவிர வேறென்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்:

இங்கே இரண்டும் வேறு வேறு வேலை. தீ, மீட்பு என்றால் அழைக்க வேண்டிய எண் 110. அந்த வண்டியும் ஆட்களும் மாநகர சபையின் கீழ் வருகிறார்கள். நோயாளி என்றால் 1990 என்ற எண், சுவசெரிய அம்புலன்ஸ் சேவை. 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுக்க வந்த சேவை அது. அந்த அம்புலன்ஸ் வண்டியில் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் சாரதியும் வருவார்கள். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒரே ஆள் இரண்டு சான்றிதழும் வைத்திருப்பார்.

ஆனால் காத்தான்குடி வளைவிலோ கல்லடிப் பாலத்தடியிலோ விபத்து நடந்து உங்கள் வண்டி முதலில் போய் நின்றால், காயக்காரர் உங்கள் கையில்தான். அம்புலன்ஸ் வரும்வரையான அந்த நிமிடங்களுக்கு நீங்கள்தான் பரமெடிக். ஆகவே இரண்டையும் படியுங்கள்.

உடம்புப் பலம் வேண்டும், சந்தேகமில்லை. அதைவிட முக்கியம் கணக்கு: தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, காற்று எவ்வளவு இருக்கிறது, எத்தனை நிமிடம் தாங்கும். நெருப்புக்கு முன்னால் நின்று இந்த மூன்றையும் மனதுக்குள் போடத் தெரிந்தவர்தான் நல்ல தீயணைப்பு வீரர்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். தெருவில் ஹைட்ரன்ட் இருக்கும், திறந்தால் கொட்டும் என்ற நம்பிக்கையோடு இங்கே எந்தத் தீக்கும் போக முடியாது. வண்டித் தொட்டியில் 4,500 லீற்றர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 45 மில்லிமீற்றர் ஹோஸ் ஒன்றில் நிமிடத்துக்கு 300 லீற்றர் அடித்தால் 15 நிமிடத்தில் தொட்டி காலி. இரண்டு ஹோஸ் என்றால் ஏழரை நிமிடம். புதியவர்கள் இதோடு நின்றுவிடுகிறார்கள். ஹோஸ் நிரம்பவும் தண்ணீர் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 70 மில்லிமீற்றர் ஹோஸ் 30 மீற்றர் நீளத்தில் ஏறக்குறைய 115 லீற்றர் குடிக்கும். ஒழுங்கைக்குள் மூன்று நீளம் இழுத்தால் முனையில் ஒரு சொட்டு விழ முன்பே 345 லீற்றர் போய்விடும். அதோடு ஒவ்வொரு நீளமும் 115 கிலோ கனத்துவிடுவதால் தண்ணீர் ஏற்றிய பிறகு அதை இழுத்துத் திருப்ப முடியாது. எந்த மூலையால் போவது என்பதைத் தண்ணீர் விட முன்பே முடிவெடுக்க வேண்டும். உள்ளே போக 45. வெளியே நின்று பக்கத்து வீட்டைக் காக்க 70.

ஒரு லீற்றர் தண்ணீர் முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 1,700 லீற்றர் இடத்தை அடைக்கும், 2.6 மெகா ஜூல் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும். மூடிய அறைக்குள் கண்மண் தெரியாமல் அடித்தால் அந்த ஆவி திரும்பி உங்கள் கழுத்தையும் காதையும்தான் அவிக்கும். வாசலில் குனிந்து நின்று, மேலே தேங்கிய புகைக்குள் ஒன்றிரண்டு விநாடி சிதறலாக அடித்து நிறுத்துங்கள், பாருங்கள், பிறகு அடியுங்கள். தரையில் ஓடும் தண்ணீர் வேலை செய்யாத தண்ணீர்.

தொட்டி முடிந்தால் பவுசர், அதுவும் இல்லையென்றால் வாவி. புளியந்தீவைச் சுற்றி வாவி இருப்பது பெரிய கொடை. ஆனால் பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. உறிஞ்சு குழாயில் வெற்றிடம் உண்டாக்கினால் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கோட்பாட்டில் 10.3 மீற்றர், நடைமுறையில் 7 மீற்றருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நமது கரை தாழ்வு என்பதால் உயரம் பிரச்சினையாவதில்லை. ஆழமின்மையும் சேறும் ஆற்றுவாழையும்தான் பிரச்சினை. உறிஞ்சு குழாயின் முனையிலுள்ள வடிகட்டியான ஸ்ட்ரெய்னர் ஓரடியாவது மூழ்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்று ஏறி பம்ப் விட்டுவிடும். அடியில் முட்டினால் சேற்றை உறிஞ்சும். அதனால் ஸ்ட்ரெய்னரைக் கூடைக்குள் போட்டு, கயிறு கட்டி, நடுவில் தொங்கவிட வேண்டும். ஒருவர் ஆற்றுவாழையை விலக்கிக்கொண்டே நிற்க வேண்டும்.

வெற்றிடம் ஏறவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை குற்றவாளி கப்ளிங்கில் உள்ள ரப்பர் வாஷர். வாராந்தச் சோதனையில் உறிஞ்சு குழாயின் வாயை மூடி 0.8 பார் வெற்றிடம் ஏற்றி ஒரு நிமிடம் ஊசியைப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் வாவித் தண்ணீர் நன்றாக உவர்ப்பு. வேலை முடிந்ததும் பம்ப், குழாய், பிராஞ்ச் எனும் ஹோஸ் முனை எல்லாவற்றுக்குள்ளும் நல்ல தண்ணீர் ஓடவிடாவிட்டால் வால்வுகள் உப்புப் பிடித்து இறுகிவிடும்.

அடுத்தது காற்று. முதுகில் போடும் சிலிண்டர் 6 லீற்றர், 300 பார் என்றால் 1,800 லீற்றர் காற்று. புத்தகம் நிமிடத்துக்கு 40 லீற்றர் என்று போட்டு 45 நிமிடம் என்கிறது. ஆளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது 70 லீற்றர் போகும். 55 பாரில் எச்சரிக்கை விசில் ஊதத் தொடங்க 21 நிமிடம்தான். விசில் கேட்டதும் திரும்பலாம் என்று நினைப்பவர் உள்ளேயே கிடப்பார். விசில் ஊதும்போது நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். 280 பாரோடு நுழைந்தீர்கள், அறையை அடையும்போது 230. போக 50 செலவு, வரவும் 50. அதோடு விசிலுக்கான 55. ஆகவே 105 என்பது கடைசி எல்லை. 120 இலேயே திரும்புங்கள். வாசலில் ஒருவர் பலகையில் பெயர், நுழைந்த நேரம், அழுத்தம் மூன்றையும் எழுதியபடி நிற்பது இதற்காகத்தான். ஆள் குறைவு என்று அந்த ஒருவரையும் ஹோஸ் பிடிக்க அனுப்பிவிடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது.

இந்த மாவட்டத்துக்கே உரிய தீ சில உண்டு. முதலாவது கடை. ரோலர் கதவு இறக்கிய புடைவைக் கடையில் தீ காற்றில்லாமல் அடங்கிக் கிடக்கும். கதவு இடுக்கில் மஞ்சள் கலந்த பழுப்புப் புகை உள்ளிழுப்பதும் வெளிவிடுவதுமாக இருந்தால் கதவைத் தூக்காதீர்கள். காற்று நுழைந்த கணத்தில் மொத்தப் புகையும் பற்றி வெளியே பாயும். ஹோஸில் தண்ணீர் வந்து நின்ற பிறகு, முடிந்தால் மேல்பக்கம் ஒரு துவாரம் திறந்து, பக்கவாட்டில் நின்றுதான் வெட்ட வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீற் கூரை சூட்டில் வெடித்துச் சிதறும், ஆள் பாரத்தையும் தாங்காது. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஏணியைக் குறுக்கே போட்டு, ஆணி வரிசைக்கு மேலால் போங்கள்.

இரண்டாவது அரிசி மில்லின் உமிக் குவியல். பார்க்கச் சாதுவாக இருக்கும், எனக்குத் தெரிந்த மிகப் பிடிவாதமான தீ இதுதான். உமி சுவாலை விடாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே போகும். உமியின் மேற்பரப்பில் தண்ணீர் ஒட்டாது. மேலே ஊற்றியது பக்கத்தால் வழிந்துவிடும். நேர்த்தாரையால் அடித்தால் தூசு எழும்பி, அந்தத் தூசு மேகமே பற்றி ஆளைச் சுடும். உள்ளே எரிந்த இடம் பொந்தாகி இருக்கும். மேலே ஏறி நடப்பவர் இடுப்பளவு நெருப்புக்குள் இறங்குவார். செய்ய வேண்டியது இதுதான்: நுரைத் திரவத்தை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகக் கலந்து, பூந்தூறலாக மேலே நனைத்து, பெக்கோவால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, வெற்று நிலத்தில் அரையடி தடிப்பில் பரப்பி, கிளறிக் கிளறி நனைப்பது. இது ஒரு மணித்தியால வேலையில்லை. விட்டுப் போய் மறுநாள் திரும்பவும் கூப்பிடப்படுவது அவசரப்பட்டவர்கள்தான். வேளாண்மை வெட்டு முடிந்து மில் ஓடும் காலத்தில் கச்சான் காற்றும் சேர்ந்தால் குவியலிலிருந்து பறக்கும் பொறி பக்கத்துக் கிடுகு வேலியைப் பிடிக்கும். அங்கே ஒரு ஹோஸ் தனியாக வேண்டும்.

மூன்றாவது காஸ். 12.5 கிலோ சிலிண்டரின் வால்வில் சுவாலை நின்றால் அதை அணைக்க அவசரப்படக் கூடாது. வால்வைப் பூட்ட முடியுமென்றால் பூட்டுங்கள். தீ தானாக அணையும். பூட்ட முடியாதென்றால் எரிய விட்டு, சிலிண்டரின் மேல்பகுதியைக் குளிர்வியுங்கள். கீழ்ப்பகுதியில் திரவம் இருப்பதால் இரும்பு அவ்வளவு சூடேறாது. திரவமில்லாத மேல்பகுதிதான் இளகிப் பிளக்கும். அடிக்கும் தண்ணீர் ஆவியாகாமல் வழியத் தொடங்கினால் இரும்பு 100 பாகைக்குக் கீழே வந்துவிட்டது. அணைத்துவிட்டு வால்வு திறந்திருந்தால் காஸ் தரையோடு பரவிக் கானுக்குள் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 வீதம் கலந்தாலே பற்றும். சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். மின்னைத் துண்டிக்க வேண்டுமானால் வெளியே, 1987 என்ற மின்சார அழைப்பு எண் ஊடாக.

கிணற்றைப் பற்றி மன்றாட்டமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கிணற்றுச் சாவு ஒன்றோடு நிற்பதில்லை. துப்புரவாக்க இறங்கியவர் மயங்குகிறார், தூக்க இறங்கிய தம்பி மயங்குகிறார், பிறகு அயலவர். பெற்றோல் பம்பை உள்ளே இறக்கி ஓடவிட்டால் காபன் மொனொக்சைட்டு தேங்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. விளக்கை இறக்கிப் பார்ப்பது ஒட்சிசன் குறைவைக் காட்டலாம், இந்த வாயுவைக் காட்டாது. ஒட்சிசன் 6 வீதத்துக்குக் கீழே இருந்தால் இரண்டு மூன்று மூச்சில் ஆள் விழுவார். நீச்சலோ பலமோ உதவாது. வாயுமானியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் பாருங்கள். ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் குறைந்தாலோ காபன் மொனொக்சைட்டு காட்டினாலோ சுவாசக் கருவியும் உயிர்க்கயிறும் மேலே இழுக்க ஆளும் இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. அழுதுகொண்டு நிற்கும் உறவினரைத் தடுத்துப் பிடிப்பதும் உங்கள் வேலைதான்.

இனி மருத்துவப் பக்கம். நீரில் மூழ்கியவருக்கு மூச்சில்லையென்றால் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் மூச்சு, பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு. அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறுங்கள். களைத்த கை ஆழம் போகாது. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் வீண் நேரம். வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

எரிகாயத்துக்கு ஓடும் தண்ணீர் 20 நிமிடம். உடனே செய்ய முடியாமல் போனாலும் மூன்று மணித்தியாலத்துக்குள் என்றால் பலனுண்டு. ஐஸ், பற்பசை, கோழி முட்டை எதுவும் வேண்டாம். மோதிரம், காப்பு, அரைஞாண் கயிறு உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு வெட்டத்தான் வேண்டும். காயத்தின் மேல் சுத்தமான மெல்லிய பொலித்தீனைத் தளர்வாக விரியுங்கள். சிறுபிள்ளையென்றால் காயத்தை மட்டும் குளிர்வித்து மற்ற உடம்பைப் போர்த்துங்கள். மூக்கு மயிர் கருகி, எச்சிலில் கரி வந்து, குரல் கரகரத்தால் இப்போது பேசுகிறாரே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். மூச்சுக்குழாய் பிறகுதான் வீங்கும். அவர்தான் முதலில் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டியவர்.

புகைக்குள்ளிருந்து எடுத்தவரின் விரலில் ஒட்சிசன் மானியை மாட்டினால் 98 காட்டும். நம்பாதீர்கள். இரத்தத்தில் ஒட்டிய காபன் மொனொக்சைட்டையும் அந்தக் கருவி ஒட்சிசன் என்றே எண்ணும். தலையிடி, குமட்டல், குழப்பம் இருந்தால் பையுள்ள முகமூடியில் நிமிடத்துக்கு 15 லீற்றர் ஒட்சிசன். 340 லீற்றர் சிறு சிலிண்டர் 22 நிமிடம்தான் வரும். அம்புலன்ஸ் எங்கே வருகிறது என்று அப்போதே கேளுங்கள்.

1990 இல் பேசும்போது, அழைப்பை எடுப்பவர் நமது ஊர்க்காரர் இல்லை. "மாரியம்மன் கோயிலடி" என்றால் எந்தக் கோயில் என்று அவருக்கு விளங்காது. மாவட்டம், ஊர், வீதிப் பெயர், பிறகு அடையாளம் என்ற ஒழுங்கில் சொல்லுங்கள். வான் வந்ததும் நடந்த நேரம், கண்ட நிலை, நீங்கள் செய்தது, செய்த நேரம் ஆகிய நான்கையும் சொல்லி ஒப்படையுங்கள். இரத்தத்தை நிறுத்தக் கட்டிய இறுக்குப் பட்டியின் நேரத்தை நெற்றியிலோ பட்டியிலோ எழுதிவிடுங்கள், இடையில் தளர்த்த வேண்டாம்.

வீதி விபத்தில் முதலில் சக்கரத்துக்கு அடை வையுங்கள், பிறகு பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஹைபிரிட் கார் சத்தமில்லாமல் உயிரோடு நிற்கும். சாவியைத் தூரமாக எடுத்துச் செல்லுங்கள், செம்மஞ்சள் நிறக் கேபிளை வெட்டவே வேண்டாம்.

உடுப்பும் சுவாசக் கருவியும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல். நமது புழுக்கத்தில் வியர்வை உலராது. இரண்டு சிலிண்டர் முடிந்தால் வெளியே வந்து சட்டையைத் திறந்து, கைகளைத் தண்ணீரில் வைத்து, ஜீவனி குடித்து இருக்க வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று திரும்ப ஓடுபவரைப் பொறுப்பாளர் பிடித்து இருத்த வேண்டும்.

சேர முன்பே செய்யக்கூடியவை: நீச்சல், கனரக வாகன அனுமதிப்பத்திரம், செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோனிலோ முதலுதவிப் பாடநெறி, பேசும் அளவுக்குச் சிங்களம். உயிர்க்கயிறு கட்டும் முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகுங்கள். மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்கள் வட்டாரத்தைச் சுற்றுங்கள்: எந்த ஒழுங்கைக்குள் பெரிய வண்டி திரும்பாது, எந்தக் கம்பி தாழ்ந்து தொங்குகிறது, வாவிக் கரையில் எந்த இடத்தில் வண்டியைத் தண்ணீர் வரை கொண்டுபோகலாம், எங்கே கரை இளகி டயர் புதையும். ஒரு கொப்பியில் வரைந்து வையுங்கள். மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது.