மூன்று நாள் விடுமுறையும் ஒரு பிரெட்டும்

வாசகர் கேள்வி – பதில்

தொடர் விடுமுறையில் தனியாக இருப்பதைப் பற்றியும், அந்த நாள்களில் வீட்டில் பேக்கிங் செய்வதைப் பற்றியும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: இந்த ஆண்டு அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை வருவதால் மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது. கணவரும் இரண்டு பிள்ளைகளும் மாமியார் வீட்டுக்கு மன்னார்குடி போகிறார்கள். நான் மட்டும் சென்னையில் இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளில் இதுவே முதல் முறை. அத்தை போனில் ‘உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?’ என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். பிரெட், பிஸ்கட், கேக் மூன்றையும் செய்து பார்க்கப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். என் முடிவு சரிதானா? – வாசகி, நங்கநல்லூர்

பதில்: அத்தை கேட்டதில் தவறொன்றும் இல்லை. குடும்பமே ஊருக்குப் போகும்போது ஒரு பெண் மட்டும் வீட்டில் தங்கினால், அதற்குக் காய்ச்சல், கோபம், லீவு கிடைக்காதது ஆகிய மூன்றைத் தவிர வேறு காரணம் இருக்க முடியும் என்று நம் வீடுகளில் யாருக்கும் தோன்றுவதில்லை. ‘உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது அத்தை, மூன்று நாள் சும்மா இருக்க ஆசையாக இருக்கிறது, தீபாவளிக்கு முன்னால் ஒரு நடை வந்து பார்க்கிறேன்’ என்று நீங்களே போனில் சொல்லிவிடுங்கள். கணவர் வாயிலாகப் போனால், அந்தச் செய்தி மன்னார்குடி போய்ச் சேர்வதற்குள் வேறு உருவம் எடுத்துவிடும்.

உங்கள் முடிவு சரிதான், பட்டியல்தான் சரியில்லை. மூன்று நாளில் மூன்று பண்டம் என்பது தீபாவளிக்குப் பலகாரம் சுடுகிற வேலையே தவிர, ஓய்வு அன்று. நானும் ஒரு விடுமுறையில் இப்படித்தான் இரண்டு கேக்கும் ஒரு தட்டு பிஸ்கட்டும் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, கருகிய வெண்ணெய் ஒட்டிய தட்டுகளைச் சிங்க்கில் ஊறப்போட்டுக்கொண்டு நின்றேன். மூன்று நாளில் சும்மா உட்கார்ந்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால் கால் மணி நேரம்கூடத் தேறவில்லை. ஆகவே ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது பிரெட்டாக இருக்கட்டும். பிஸ்கட் உங்களை அடுப்படியிலேயே நிற்க வைக்கும். கேக் செய்தால் யாரையாவது கூப்பிட்டுக் கொடுக்கத் தோன்றும். பிரெட் மட்டும்தான் இருபத்தைந்து நிமிட வேலையை வாங்கிக்கொண்டு, மீதி மூன்றரை மணி நேரத்தை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

செய்முறை புதிதென்று மலைக்க வேண்டாம். இட்லி மாவை அறிந்தவருக்கு இது பாதி தெரிந்த வேலை. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகின்றன. இட்லி மாவில் அந்த வேலையைப் பெரும்பாலும் பாக்டீரியாக்கள் செய்ய, உளுந்தின் வழுவழுப்பு வாயுவைப் பிடித்து வைக்கிறது. பிரெட்டில் ஈஸ்ட் வாயுவை உண்டாக்க, மைதாவைப் பிசையும்போது உருவாகும் குளூட்டன் என்னும் புரத வலை அதைத் தாங்குகிறது. சித்திரை மாதத்தில் இட்லி மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிவதையும், அதே மாவு ஊட்டியில் மார்கழிக் குளிரில் போர்வை சுற்றி வைத்தாலும் அசையாமல் கிடப்பதையும் நாம் அறிவோம். குளிர்நாட்டுச் செய்முறைகளில் ‘வெதுவெதுப்பான நீர்’ என்று எழுதியிருப்பதைச் சென்னையில் அப்படியே பின்பற்றினால், மாவு அவசரமாகப் பொங்கிச் சுவையில்லாமல் போகும். மண்பானைத் தண்ணீர் போதும்.

காலை ஒன்பது மணிக்கு 400 கிராம் மைதா, 8 கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, முக்கால் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஆகியவற்றைக் கலந்து, 250 மில்லி தண்ணீரை விட்டுப் பிசையத் தொடங்குங்கள். முதல் ஐந்து நிமிடம் மாவு விரலிடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு எரிச்சலூட்டும். அப்போது மேலே மைதாவைத் தூவிவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. பொறுத்துக்கொண்டு பிசையுங்கள். எட்டாவது, பத்தாவது நிமிடத்தில் மாவு கையை விட்டுப் பிரிந்து, காது மடல் போல மிருதுவாகிவிடும். அப்போது 20 கிராம் வெண்ணெயைச் சேர்த்து, அது மறையும் வரை பிசைந்து, நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தோலாக விரிந்தால் பிசைந்தது போதும். பரோட்டா மாஸ்டர்கள் கையாலேயே அறிந்துகொள்ளும் பதமும் இதற்கு நெருங்கியதுதான்.

ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டு அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காகும். பிறகு வாயுவை அழுத்தி வெளியேற்றி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி டின்னில் வைத்தால், இன்னொரு முக்கால் மணி நேரத்தில் டின்னின் விளிம்புக்கு மேலே தலை தூக்கும். முன்பே சூடாக்கிய ஓ.டி.ஜி.யில் (பேக்கிங் செய்யும் சிறிய மின் அடுப்பு) 190 டிகிரி செல்சியஸில் முப்பதிலிருந்து முப்பத்தைந்து நிமிடம். வெளியே எடுத்துக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டினால், காலிப் பானையைத் தட்டியது போல ஒலிக்க வேண்டும். வாசனை எவ்வளவு இழுத்தாலும் ஒரு மணி நேரம் ஆறும் வரை கத்தியை எடுக்காதீர்கள். உள்ளே மாவுச்சத்து இறுகுவதற்கு அந்த நேரம் வேண்டும், சூட்டில் வெட்டினால் களி போல ஒட்டும்.

இடைப்பட்ட நேரத்தில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் அதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அலமாரியை ஒழுங்குபடுத்தாதீர்கள், பிள்ளைகளின் யூனிஃபார்மைத் தேய்க்காதீர்கள். மாவு பொங்கும் நேரத்தைப் போனில் அலாரம் வைத்துப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, போனை உள் அறையில் வைத்துவிடுங்கள். மதியம் ஒரு மணிக்கு, யாருக்கும் பங்கு வைக்காமல், இரண்டு பக்கத்து முனைத் துண்டுகளையும் நீங்களே வெண்ணெய் தடவிச் சாப்பிடலாம்.

கேள்வி: வாரவிடுமுறையில் மில்லில் அரைத்த கோதுமை மாவில் பிரெட் செய்து பார்த்தேன். ஈஸ்ட் நன்றாக வேலை செய்யட்டும் என்று சூடான தண்ணீரில்தான் கரைத்தேன். மாவு உப்பவே இல்லை. வெந்தபின் செங்கல் போல இருந்தது. தவறு எங்கே? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் ஈஸ்டைக் கரைக்கவில்லை, கொன்றிருக்கிறீர்கள். 60 டிகிரியை நெருங்கும் சூட்டில் ஈஸ்ட் பிழைப்பதில்லை. விரலை விட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருப்பதே சரியான பதம். ஈஸ்டின் மீது சந்தேகம் இருந்தால், அப்படிப்பட்ட நீரில் சிறிது சர்க்கரையுடன் ஒரு தேக்கரண்டி போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள்; மேலே நுரை கட்டாவிட்டால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடலாம்.

ஈஸ்ட் உயிரோடு இருந்தாலும் முழுக் கோதுமை மாவு மைதா அளவுக்கு எழும்பாது. தவிட்டுத் துகள்கள் குளூட்டன் வலையை அறுத்துவிடுகின்றன. மேலும் கல்லில் அரைபட்ட மாவு அதிகத் தண்ணீர் குடிக்கும். 400 கிராமுக்கு 290 மில்லி வரை தண்ணீர் விட்டுக் கலந்து, பிசையாமல் அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு பிசையுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை பாதிக்குப் பாதி மைதா சேர்ப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கேள்வி: விடுமுறையில் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஆசையாக முட்டையில்லாத கேக் செய்தேன். தயிரும் ஆப்பசோடாவும் சேர்த்து மாவைக் கலந்து முடித்தவுடன் கரண்ட் போய்விட்டது. முக்கால் மணி நேரம் கழித்து வந்ததும் ஓ.டி.ஜி.யில் வைத்தேன். நடுவில் பள்ளம் விழுந்து அடை போல ஆகிவிட்டது. – வாசகி, சேலம்

பதில்: சோடா தயிரின் புளிப்பைத் தொட்ட கணத்திலேயே வாயுவை விடத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் கரண்டுக்காகக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி வாயு வெளியேறிவிட்டது. இனி, ஓ.டி.ஜி. சூடாகி முடிக்கும் வரை ஈரப் பொருள்களையும் உலர்ந்த பொருள்களையும் தனித்தனிப் பாத்திரத்திலேயே வைத்திருங்கள். ஒரு கப் மைதாவுக்குக் கால் தேக்கரண்டி சோடாவுடன் அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்த்தால் ஓரளவு காப்பு உண்டு. கடைகளில் கிடைக்கும் பேக்கிங் பவுடரில் பெரும்பாலானவை சூடு பட்டபின் இரண்டாம் முறையும் வாயு விடும். கேக் வெந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கதவைத் திறந்து பார்க்காதீர்கள். உள்ளே தேங்கிய சூடு ஓரளவு காப்பாற்றும். திறந்தால் அதுவும் போய்விடும். விழுந்துபோன கேக்கை உதிர்த்துப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுங்கள். யாரும் இல்லாத நாளில் கெட்டுப்போன பண்டத்துக்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்பது ஒரு வசதி.

கேள்வி: தூத்துக்குடியில் வளர்ந்தவள் நான். தனியாக இருக்கும் விடுமுறையில் ஊர் நினைவில் மக்ரூன் செய்தால், சென்னையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே! – வாசகி, மயிலாப்பூர்

பதில்: முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும்தான் மக்ரூன். அதில் சர்க்கரைதான் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதை வேகவைப்பதை விட உலர்த்துவதே முக்கியம்: 110 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உள்ளேயே முழுவதும் ஆறவிடுவது. ஆறிய உடனே காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தை மாதம் வரை பொறுத்திருங்கள். அல்லது ஊரிலிருந்து யாராவது வரும்போது வாங்கி வரச் சொல்லுங்கள், அது இன்னும் நல்லது.

கேள்வி: தனிமையை ரசிக்கலாம் என்று எழுதுகிறீர்கள். எனக்கு வயது எழுபத்தொன்று. மனைவி காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விடுமுறை வந்தால் எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் பூட்டிக் கிடக்கும், தெருவே வெறிச்சோடிவிடும். எனக்கு அது ரசிப்பதாக இல்லை. மகள் வாங்கி வைத்துவிட்டுப் போன ஓ.டி.ஜி. இன்னும் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. – வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, நங்கநல்லூர் வாசகி கேட்டு வாங்கிய மூன்று நாளும் உங்கள் மீது வந்து விழுந்த மூன்று நாளும் ஒன்றல்ல, அவருக்குச் சொன்னதை உங்களுக்குச் சொன்னால் அது அறியாமை. அவருக்குப் போனை உள் அறையில் வைக்கச் சொன்னேன். நீங்கள் அதைக் கைக்கு எட்டும் இடத்திலேயே வைத்துக்கொண்டு, மாவு பிசைந்ததும் மகளைக் கூப்பிட்டு, அடுத்து எத்தனை டிகிரி வைக்க வேண்டும் என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கேளுங்கள்.

மேலே சொன்ன அதே பிரெட்டை, ஊருக்குப் போனவர்கள் திரும்புகிற அன்று, அதாவது ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். எதிர்வீட்டார் பெட்டியை இறக்கும் நேரத்தில் பாதியைக் கொடுத்துவிடலாம். மீதியைத் துண்டு போட்டு ஃபிரீசரில் வையுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பிரெட் வெளியில் இருப்பதை விட வேகமாகக் காய்ந்து தடித்துவிடும். ஃபிரீசரில் அப்படி ஆகாது, தினமும் இரண்டு துண்டு எடுத்து வாட்டிக்கொள்ளலாம். அப்படியும் மிஞ்சினால் 140 டிகிரியில் முக்கால் மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு வைத்தால், காலை டீக்கு ரஸ்க் ஆயிற்று.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒன்று. 1500 வாட் ஓ.டி.ஜி. ஏறக்குறைய 6.5 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். விளக்கு, ஃபேன் போடும் 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள். ஏ.சி.க்கோ கீசருக்கோ போட்டிருக்கும் 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும். முதல் நாள் உள்ளே எதையும் வைக்காமல், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, 200 டிகிரியில் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். லேசாகப் புகையும், எண்ணெய் வாடை அடிக்கும். புது அடுப்பு எல்லாவற்றிலும் அது உண்டு, பயந்து அணைத்துவிட வேண்டாம்.