சின்ன நாய், பெரிய பெருச்சாளி: மழைக்காலச் சந்தேகங்கள்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடிப் பக்கம் வளைக்குள் இருந்ததெல்லாம் மேலே வந்துவிடும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஒரு கால்நடை கிளினிக்கில் 14 வருடம் உதவியாளராக இருந்தவள். வீட்டில் இப்போது இருப்பது மூன்றாவது பொமரேனியன். மாத்திரை அளவு மட்டும் கேட்காதீர்கள். மற்றதெல்லாம் கேளுங்கள்.

அக்கா, எங்க டாக்ஸுண்டு காம்பவுண்டு ஓரத்துல பெருச்சாளி வளையைத் தோண்டிக்கிட்டே இருக்கான். நேத்து மூக்குல கடி வாங்கிட்டு வந்து நிக்கிறான். ரேபிஸ் ஊசி போடணுமா? (பெருங்குடி)

அவனைத் திட்டாதீர்கள். ஜெர்மனியில் வளைக்கரடியை வளைக்குள் போய் விரட்டுவதற்கென்றே உருவாக்கிய இனம் அது, பெயரிலேயே அந்த மிருகம் இருக்கிறது, ஜெர்மன் மொழியில் ‘டாக்ஸ்’ என்றால் வளைக்கரடி. அவன் பிறவித் தொழிலைப் பார்க்கிறான், அவ்வளவுதான். ஆனால் எதிரில் இருப்பது சுண்டெலி இல்லை. நன்றாகத் தின்று வளர்ந்த பெருச்சாளி ஒரு கிலோ வரை வரும். ‘பந்திக்கொக்கு’, அதாவது பன்றி எலி என்று தெலுங்கில் சொல்வார்கள். அதுதான் இங்கிலீஷில் ‘பேண்டிகூட்’ ஆனது.

கடிபட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். எலி இனத்தால் ரேபிஸ் பரவுவது மிக மிக அரிது. இருந்தாலும் வருடாந்திர ஊசி தவறியிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு இதில் பெரிய பயம் எலிக்காய்ச்சல்தான். அதற்குக் கடியே வேண்டாம். எலி சிறுநீர் கலந்த தண்ணீரை நக்கினாலோ, கீறல் விழுந்த காலோடு அதில் நடந்தாலோ போதும். காய்ச்சல், வாந்தி, பின்னங்கால் வலி, கண்ணும் ஈறும் மஞ்சளிப்பது என்று ஆரம்பித்துச் சிறுநீரகத்தில் போய் நிற்கும். நமக்கும் தொற்றும். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு, வருடம் தவறாமல் போட வேண்டியது. குட்டியில் போட்டாச்சு என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தையும் சோற்றுத் தட்டையும் உள்ளே எடுத்து வையுங்கள். நாய் மிச்சம் வைத்த பெடிகிரியைத் தின்னத்தான் பெருச்சாளி வருகிறது. இன்னொன்று, வளையில் உடைந்த கண்ணாடியைப் போட்டு அடைக்கிறார்களே, அது பெருச்சாளியை ஒன்றும் செய்யாது. மறுநாள் உங்கள் பையன் பாதத்தைத்தான் கிழிக்கும். கம்பி வலையைச் சுருட்டித் திணித்து, ஜல்லியும் சிமெண்டும் போட்டு மூடுங்கள்.

மேடம், எங்க அபார்ட்மெண்ட்ல மோட்டார் ரூம் பக்கம் எலி கேக் வச்சிருக்காங்க. எங்க ஷிஹ் ட்சு வாயில பச்சையா ஏதோ ஒட்டியிருந்தது. நல்லாத்தான் விளையாடுறா. கவனிச்சுப் பார்த்தா போதுமா? (மேடவாக்கம்)

போதாது. இதைப் படித்து முடிப்பதற்குள் ஆட்டோ சொல்லுங்கள்.

பச்சை, நீலக் கட்டியாக வருவது பெரும்பாலும் புரோமடையோலோன் வகை. இது ரத்தம் உறையவிடாமல் செய்யும். ரத்தத்தை உறைய வைக்க உடம்பில் ஏற்கெனவே இருக்கும் சரக்கு தீரும்வரை, மூன்று நான்கு நாள் ஒன்றுமே தெரியாது. ஒரு பக் நாயை மூக்கில் ரத்தம் வருகிறது என்று தூக்கி வந்தார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்திருந்தது. “நேத்து வரைக்கும் பந்து விளையாடினான்” என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கேக்கைத் தின்றது அதற்கும் நாலு நாள் முன்னால்.

சீக்கிரம் போனால் டாக்டர் வாந்தி எடுக்க வைப்பார். இந்த வகைக்கு மாற்றுமருந்து உண்டு: வைட்டமின் கே1, மூன்று நான்கு வாரம் விடாமல். கறுப்புப் பொடியாக வரும் சிங்க் பாஸ்பைடுக்கு மாற்றுமருந்தே கிடையாது. வயிற்று அமிலம் பட்டதும் விஷவாயுவாக மாறும். அதனால் பால், மோர், சோறு என்று எதையும் ஊட்டாதீர்கள், அமிலம்தான் கூடும். வண்டியில் ஜன்னலைத் திறந்து வைத்துப் போங்கள். அது வாந்தி எடுத்தால் அந்தப் புகை உங்களுக்கும் ஆகாது. உப்புக் கரைசல் ஊற்றி வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கும் வேலையும் வேண்டாம். அட்டைப்பெட்டி கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள், எந்த மருந்து என்று பார்த்ததும் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

அசோசியேஷன் கூட்டத்தில் சண்டை போடவேண்டிய விஷயம் இது. பூட்டிய பெட்டிக்குள் வைக்கட்டும், இல்லையென்றால் எலிக்கூடு வைக்கட்டும். 25 கிலோ லேப்ரடார் தின்று தாங்கும் துண்டு உங்கள் 5 கிலோ குட்டிக்கு வேறு கணக்கு.

உண்ணி! எடுக்க எடுக்க வருது. வேப்பெண்ணெய், மஞ்சள், கற்பூரம் எல்லாம் பார்த்தாச்சு. (ஆதம்பாக்கம்)

கற்பூரத்தை இன்றோடு நிறுத்துங்கள். நாய் அதை நக்கினால் வலிப்பு வரும். வேப்பெண்ணெய் கொஞ்சம் விரட்டும், ஒழிக்காது.

நீங்கள் நாயில் தேடுகிறீர்கள், உண்ணி சுவரில் இருக்கிறது. ரத்தம் குடித்துப் பச்சைப்பட்டாணி மாதிரி உப்பிய பெண் உண்ணி தானாக உதிர்ந்து, சுவர் ஏறி, ஸ்விட்ச் போர்டு இடுக்கிலோ ஜன்னல் சட்டத்திலோ ஒளிந்து 4000 முட்டை வரைக்கும் இடும். அதனால்தான் அதை நசுக்குவதைவிட உதிர விடாமல் இருப்பது முக்கியம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், ஸ்பிரிட் உள்ள மூடி போட்ட பாட்டிலில் போடுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேண்டாம். காது மடிப்பு, கால்விரல் இடுக்கு, பட்டை போடும் கழுத்து மூன்றையும் தினம் தடவிப் பாருங்கள். சுவர் விரிசல்களை வெள்ளை சிமெண்டால் பூசுங்கள். மருந்து அடித்தால் காயும்வரை நாய் வெளியே இருக்கட்டும்.

நாய்க்கு மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுக்கும் மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. எடை பார்த்து டாக்டர் எழுதித் தரவேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். பெரிய நாய் மாத்திரையைக் காசு மிச்சம் என்று நாலாக வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சாப்பாட்டை ஒதுக்கி, உடம்பு சுட்டு, மூக்கில் ரத்தமோ காப்பி நிறச் சிறுநீரோ வந்தால் டிக் ஃபீவர் என்று வைத்துக்கொண்டு உடனே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

தோட்டத்துல பாம்பு. நாயைக் கடிச்சுட்டா கட்டு போடலாமா? எல்லாப் பாம்பையும் பிடிச்சுக் குடுத்துடலாமா? (சித்தாலப்பாக்கம்)

கட்டு வேண்டாம், கீறவும் வேண்டாம். கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள், முகத்தில் கடித்திருந்தால் வீங்கும். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கடித்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்தது. எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. நாய் சின்னதாயிற்றே, மருந்தும் கொஞ்சம் போதும் என்று நினைக்காதீர்கள். பாம்பு செலுத்திய விஷத்துக்குத்தான் மருந்து, நாயின் எடைக்கு இல்லை. சொல்லப்போனால் அதே விஷம் சின்ன உடம்பில் இன்னும் வேகமாக ஏறும். ராத்திரி திறந்திருக்கும், விஷமுறிவு மருந்து இருப்பு வைத்திருக்கும் மருத்துவமனை எது என்று இன்றைக்கே போன் செய்து கேட்டு வையுங்கள்.

போன கார்த்திகையில் விடிகாலை, எங்கள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் குக்கர் விசில் வருவதற்கு முன் ஆவி சீறுமே, அந்தச் சத்தம். எங்கள் பொம்மி குரைக்கவே இல்லை. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, காது முன்னால் மடங்கி, சிலை மாதிரி நின்றாள். கண்ணாடிவிரியன். அவளை அப்படியே பின்னாலிருந்து அள்ளிக்கொண்டு கதவைச் சாத்தினேன். வனத்துறைக்குப் போன் போட்டோம், வந்து கொண்டுபோனார்கள்.

எல்லாப் பாம்பையும் பிடித்துக் கொடுத்தால் எலிக்கு யார் இருக்கிறார்கள்? சாரையும் தண்ணீர்ப்பாம்பும் விஷமில்லாதவை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பை அடிப்பதும் குற்றம். செங்கல் குவியல், தேங்காய் மட்டை, பழைய டயர் இவற்றை அப்புறப்படுத்துங்கள். இருட்டில் நாயைத் தனியாகத் தோட்டத்தில் விடாதீர்கள்.

மொட்டைமாடியில பருந்து வட்டமிடுது. 3 கிலோ சிவாவாவைத் தூக்கிடுமா? (திருவான்மியூர்)

நம்ம ஊர்ப் பருந்தே ஒரு கிலோ தாண்டாது. 3 கிலோவைத் தூக்க அதற்கு எங்கே சக்தி? அது குப்பைமேட்டு எலியையும் மீன் கழிவையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறந்த குட்டியை மட்டும் திறந்த மாடியில் விடாதீர்கள். கோடையில் தலையில் கொத்துவது காக்கை. கூட்டில் குஞ்சு இருக்கும்போது நாயைக் கண்டால் அதற்கு ஆகாது. அந்தக் குஞ்சு குயிலுடையதாகவும் இருக்கலாம், அது வேறு கதை. மூன்று வாரம் குடை பிடித்துக்கொண்டு வேறு பக்கம் நடங்கள்.

ராத்திரி ஃபால்ஸ் சீலிங் மேல யாரோ ஓடுற மாதிரி சத்தம். நாய் விடிய விடியக் குரைக்குது. (மயிலாப்பூர்)

மாடியில் பப்பாளி விதையோடு கழிவு கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால் மரநாய். பெயரில்தான் நாய், வேறு இனம். பழைய ஓட்டு வீடும் சப்போட்டா மரமும் இருந்தால் வந்துவிடும். குட்டி போட்டிருந்தால் அவை வளர்ந்து வெளியேறும்வரை ஓட்டையை அடைக்காதீர்கள், தாய் வெளியே மாட்டிக்கொண்டால் கூரையைப் பிய்த்துவிடும். டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய் நாயிடமிருந்து அதற்கும், அதனிடமிருந்து நாய்க்கும் வரும். உங்கள் நாய்க்குத் தடுப்பூசி இருந்தால் இரண்டு தரப்புக்கும் நல்லது.

ஐஐடி வேலி ஓரம் வீடு. குரங்கு பால்கனிக்கு வந்தா எங்க பொமரேனியன் பாயுறான். (தரமணி)

வலை போடுங்கள், வேறு வழியில்லை. குரங்கைக் கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்துச் சமாதானம் பேசாதீர்கள். கடித்தால் உங்களுக்கும் நாய்க்கும் ரேபிஸ் ஊசி விஷயமாக அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தேரையை நக்கிட்டு நுரை தள்ளுறான் அக்கா, அவசரம்!

தலையைக் கீழே சாய்த்து, வாயின் பக்கவாட்டில் குழாய்த் தண்ணீர் விட்டு ஐந்து பத்து நிமிடம் கழுவுங்கள். தொண்டைக்குள் போகவிடாதீர்கள். ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடையுங்கள். தேரையின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியின் பால்தான் அப்படிச் செய்கிறது. நுரை நின்றால் பயமில்லை. தள்ளாடினால், வலிப்பு வந்தால் கிளம்புங்கள்.

பல்லி வாலைத் தின்னுட்டான். மாமியார் விஷம்னு அழறாங்க.

நம்ம ஊர் வீட்டுப்பல்லிக்கு விஷம் கிடையாது. பேதியானால் டாக்டரிடம் போங்கள். மாமியாருக்கு ஒரு காபி போட்டுக் கொடுங்கள்.