கணினிக் கேள்வி–பதில்: சரியாக அறிவித்தும் தமிழ் சிதைவது ஏன்?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக்காக நான் உருவாக்கிய இணையப் பக்கத்தில், எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று மெட்டா வரியில் (பக்கத்துக்குள் உலாவிக்கு எழுதும் குறிப்பு) குறிப்பிட்டிருக்கிறேன். என் கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் நன்றாகத் தெரிகிறது; இணையத்தில் ஏற்றியதும் குப்பையாகிவிடுகிறது. காரணம் என்ன?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தக் குப்பையில் தலைமேல் சாய்கோடு இட்ட ஆங்கிலச் சிறிய 'ஏ'யும், அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' இட்ட வணிகக் குறியும் திரும்பத் திரும்ப வருமானால், உங்கள் கோப்பு பழுதுபடவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் 'அ' எழுத்தின் எண் 2949. யுடிஎஃப்-8 முறை அதனை 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகளாக (0 முதல் 255 வரையிலான எண்களாக) எழுதி வைக்கிறது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 அட்டவணையைக் கொண்டு இவற்றைப் படித்தால், முதலாவது சாய்கோட்டு 'ஏ', இரண்டாவது வட்டத்து 'ஆர்', மூன்றாவது முப்புள்ளி என்றாகிவிடும். பைட்டுகள் மாறவில்லை, படிக்கும் அட்டவணைதான் மாறியிருக்கிறது.

மாற்றியது பெரும்பாலும் உங்கள் வழங்கியாக (பக்கத்தை இணையத்தில் அனுப்பும் கணினி, 'சர்வர்') இருக்கும். பக்கத்தை அனுப்புமுன் அது அனுப்பும் எச்டிடிபி தலைப்பில் (பக்கத்தைப் பற்றி உலாவிக்குச் சொல்லும் முன்குறிப்பில்) குறியாக்கம் குறிக்கப்பட்டிருந்தால், பக்கத்துக்குள் இருக்கும் மெட்டா வரியை உலாவி பொருட்படுத்துவதில்லை. உங்கள் கணினியில் நேரடியாகத் திறக்கும்போது அந்தத் தலைப்பே இல்லாததால் மெட்டா வரி செல்லுபடியாகிறது. உலாவியின் நிரலாளர் கருவியில் 'நெட்வொர்க்' பிரிவைத் திறந்து, 'கன்டென்ட்-டைப்' வரியைப் பாருங்கள். ஐஎஸ்ஓ-8859-1 என்று இருந்தால் (இன்றைய உலாவிகள் அதையும் விண்டோஸ்-1252 ஆகவே படிக்கின்றன) வழங்கியின் அமைப்பில் அதை யுடிஎஃப்-8 என மாற்றச் சொல்லுங்கள். மெட்டா வரியும் கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அமைய வேண்டும்.

திரையில் தெரியும் குப்பையை நகலெடுத்து அதிலிருந்து தமிழை மீட்க முயலாதீர்கள். மெய்யெழுத்தின் மேல் இடும் புள்ளிக்குரிய பைட்டுகள் 224, 175, 141. இவற்றில் 141-க்கு விண்டோஸ்-1252 அட்டவணையில் எழுத்தே கிடையாது என்பதால், நகலெடுக்கும் வழியில் அது தொலைந்து, மெய்யெழுத்துகளின் புள்ளிகள் மறைந்துவிடலாம். தமிழுக்குப் பதில் வரிசையாக வெறும் கேள்விக்குறிகள் நிற்குமானால் நிலைமை வேறு: தரவுத்தளமோ வேறு மென்பொருளோ தனக்குத் தெரியாத எழுத்துகளை முன்பே எறிந்துவிட்டது. மூலப்படி இல்லாமல் அவற்றை மீட்க இயலாது.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு முன் திஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியாக்க முறையில் தட்டச்சு செய்த கட்டுரைகள் எங்களிடம் உள்ளன. மெட்டா வரியில் மட்டும் யுடிஎஃப்-8 என்று மாற்றினால் போதுமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: போதாது. குறியாக்க அறிவிப்பு என்பது கோப்பில் என்ன இருக்கிறது என்று சொல்வது மட்டுமே. இருப்பதை அது மாற்றாது. அதோடு திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளைச் சேமிப்பது. 'கெ' என்பதில் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் இருக்கும். யூனிகோடிலோ ககரம் முதலில், கொம்பு அடுத்து. எனவே எண்களை மாற்றுவதோடு வரிசையையும் திருத்துகிற மாற்றியைப் பயன்படுத்துங்கள். மாற்றிய பின் கொம்பு, இரட்டைக் கொம்பு வரும் சொற்களை முதலில் சரிபாருங்கள். மாற்றாமலே யுடிஎஃப்-8 என்று அறிவித்த கோப்பு வழக்கமான இணையப் பக்க வடிவமான எச்டிஎம்எல்லாக இருந்தால், உலாவி பொருந்தாத பைட்டுகளுக்குப் பதில் கேள்விக்குறி இட்ட கறுப்பு வைர வடிவங்களைக் காட்டி ஒப்பேற்றிவிடும். விதிகளில் கண்டிப்பான எக்ஸ்எம்எல் வடிவமாக இருந்தால் அந்தச் சலுகையும் இல்லை. பொருந்தாத முதல் பைட்டிலேயே பிழை என்று அறிவித்து நின்றுவிடும்.