முகப்பு விளக்கின் வெளிச்சம் எங்கே தொலைகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மகளைச் சேலத்திலிருந்து அழைத்துக்கொண்டு வாரத்தில் சில நாட்கள் இருட்டிய பிறகு ஏற்காடு மலையேற வேண்டியிருக்கிறது. கார் 2010-ஆம் ஆண்டு மாடல், எச்4 ஹாலஜன் பல்பு. லோ பீமில் சாலை சரியாகத் தெரிவதில்லை. இரண்டு பல்புகளையும் புதிதாக மாற்றியும் பெரிய வித்தியாசம் இல்லை. எல்.இ.டி. பல்பு போட்டுவிடலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், நாகலூர்

பதில்: பல்பை மாற்றியும் வெளிச்சம் கூடவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. எச்4 பல்பு, தாழ்வாக விழும் லோ பீமில் 55 வாட், தூரம் எட்டும் ஹை பீமில் 60 வாட். 13.2 வோல்ட் முழுமையாகக் கிடைத்தால் லோ பீமில் ஏறத்தாழ 1000 லூமென் ஒளி தரும். மலைச்சாலையில் போகும் வேகத்துக்கு அது போதும். ஆகவே, பல்பில் உண்டாகும் வெளிச்சம் சாலையில் விழுவதற்குள் எங்கே தொலைகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. எல்.இ.டி.யைப் பற்றி அடுத்த பதிலில் எழுதியிருக்கிறேன். அதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பகல் வெளிச்சத்தில் காரின் முன்னே உட்கார்ந்து விளக்கைப் பாருங்கள். வெளிமூடி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. தொழிற்சாலையில் அதன் மேல் பூசப்பட்ட பாதுகாப்புப் பூச்சு வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களால் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிதைந்து, மூடி மஞ்சளாகவும் புகை படிந்தாற்போலவும் மாறிவிடுகிறது. அந்த மங்கல் வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. மிஞ்சும் வெளிச்சத்தையும் திசை கெடுத்துச் சிதறடித்து, எதிரே வருபவரின் கண்ணில் வீசுகிறது. பற்பசை தேய்த்தால் ஒரு வாரம் பளபளக்கும், அவ்வளவுதான். பெயின்ட் கடைகளில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கிடைக்கும் உப்புத்தாளில் 800, 1500, 2000 என்று படிப்படியாக நைஸ் கூட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். முதல் தாளில் தேய்க்கும்போது மூடியிலிருந்து மஞ்சள் கலந்த பால் போன்ற நீர் வழியும். அந்த மஞ்சள் நின்று நீர் வெள்ளையாக வழியும் வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. இந்த இடத்தில் அவசரப்படுவதால்தான் பலருக்கும் மூடி திட்டுத்திட்டாக அமைந்துவிடுகிறது. பிறகு பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிப்பது கட்டாயம். அதை விட்டுவிட்டால் சேலத்து வெயில் சில மாதங்களிலேயே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

மூடிக்குப் பின்னால், பல்பின் ஒளியை முன்னோக்கித் திருப்பும் ரிஃப்ளெக்டரின் வெள்ளி போல் மின்னும் பூச்சு கறுத்தோ உரிந்தோ போயிருந்தால் அதைத் துடைக்க முயல வேண்டாம், இருக்கும் பூச்சும் கையோடு வந்துவிடும். விளக்குத் தொகுதியையே மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இவை இரண்டும் நன்றாக இருந்தும் வெளிச்சம் குறைவு என்றால், என் சந்தேகம் ஒயரின் மேல்தான். பல பழைய கார்களில் விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பெட்டி வழியாக ஸ்டியரிங் அருகில் இருக்கும் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து மெல்லிய ஒயரில் மீண்டும் முன்பக்கம் வர வேண்டும். இரண்டு பல்புகளும் சேர்ந்து 9, 10 ஆம்பியர் இழுக்கும்போது, தேய்ந்த சுவிட்சிலும் துருப்பிடித்த இணைப்புகளிலும் வோல்ட் குறைந்துகொண்டே வரும். ஹாலஜன் பல்பின் இயல்பு, வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும் என்பது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட் இருந்து, பல்பின் முனையில் 12.1 மட்டும் வந்து சேர்ந்தால், எவ்வளவு விலை கொடுத்துப் புதுப் பல்பு வாங்கினாலும் அது மங்கலாகத்தான் எரியும்.

இதைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பேட்டரியின் இரு முனைகளிலும் ஒரு முறையும், எரிந்துகொண்டிருக்கும் பல்பின் இணைப்பில் ஒரு முறையும் வோல்ட் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயர் நல்ல நிலையில் இருக்கிறது. அதற்கு மேல் இருந்தால் பல்பின் பின்பக்க இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளிருக்கும் பித்தளைத் தகடு நிறம் மாறியிருந்தால் அங்கே பல நாட்களாகச் சூடேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை நேராக இழுத்து, லோ பீமுக்கு ஒன்றும் ஹை பீமுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஒயர் ரிலேயை இயக்க மட்டும் பயன்படும், பல்புக்குப் போகும் மின்சாரம் குறுக்கு வழியில் போய்ச் சேரும். எர்த் ஒயரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பலர் அதை மறந்துவிட்டு, ரிலே போட்டும் பயனில்லை என்பார்கள். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒயர் எங்கேனும் உரசி எஞ்சின் அறைத் தகட்டைத் தொட்டால், தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான்.

கடைசியாக, விளக்கு எந்த உயரத்தில் பார்க்கிறது என்பது. சமதரையில், டயர்களில் சரியான காற்றுடன், ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்துக்கொண்டால், லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, விளிம்பு 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் வெளிச்சம் 65 மீட்டர் வரை எட்டும். 20 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டால் எட்டும் தூரம் பாதியாகிவிடும். முன்பக்கம் எப்போதாவது அடிபட்டுப் பம்பரோ விளக்கோ மாற்றிய கார்களில் இந்தக் குறையை அடிக்கடி பார்க்கலாம். செலவில்லாத வேலை, ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பின்னிருக்கை நிறைய ஆட்களும் டிக்கி நிறைய மூட்டைகளும் ஏறும் நாளில் காரின் மூக்கு உயரும் என்பதால், டாஷ்போர்டில் உள்ள 0, 1, 2, 3 திருகியைத் திருப்பி விளக்கைத் தாழ்த்திக்கொள்ளவும் மறக்காதீர்கள்.

கேள்வி: ஹாலஜனை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டேன். வெளிச்சம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஆனால் லோ பீமில் போனாலும் எதிரே வருபவர்கள் பிரைட் அடித்துத் திட்டுகிறார்கள். மழையில் சாலை முன்பைவிட மோசமாகத் தெரிகிறது. பல்பு தரமில்லையா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: பல்பு தரமானதாகவே இருக்கலாம், அது உட்கார்ந்திருக்கும் வீடு வேறொரு பல்புக்காகக் கட்டப்பட்டது. ஹாலஜன் விளக்கின் ரிஃப்ளெக்டர், மெல்லிய இழை ஒன்று குறிப்பிட்ட ஒரே இடத்தில் எரியும் என்று கணக்கிட்டு வளைக்கப்பட்டிருக்கிறது. எல்.இ.டி.யில் ஒளி வருவது தட்டையான தகட்டின் இரு பக்கங்களிலிருந்து. அதன் இடமும் வடிவமும் சிறிதளவு மாறினாலும், லோ பீமின் மேல் விளிம்பு கலைந்து ஒளி மேலே சிதறும். எதிரே வருபவர்கள் திட்டுவதற்குக் காரணம் அதுவே. எட்டு மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ளது.

உங்களுக்கும் இதனால் நன்மையில்லை. இத்தகைய பல்புகள் காருக்கு முன்னே 10, 15 மீட்டர் தரையைப் பளிச்சென்று காட்டுகின்றன. கண் அந்தப் பிரகாசத்துக்குப் பழகிவிடுவதால் அதற்கு அப்பால் இருப்பது மேலும் இருட்டாகத் தெரிகிறது. ஓட்டுபவருக்கோ நிறைய வெளிச்சம் இருப்பதாகத் தோன்றி வேகம் கூடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. தடையைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையிலும் நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். முன்னே 15 மீட்டர் பளபளப்பது இங்கே எதற்கும் உதவாது. மழையில் ஈரத்தார் ஒளியை முன்னோக்கியே அனுப்பிவிடும், மேலே சிதறும் ஒளியோ மழைத்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஹாலஜனையே திரும்பப் போட்டு, மேலே நாகலூர் வாசகருக்குச் சொன்ன சோதனைகளைச் செய்துபாருங்கள். அதிக வாட்டில் விற்கும் 100/90 வாட் பல்பும் வேண்டாம். அந்தச் சூட்டில் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும்.

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வாடகைக் கார் ஓட்டுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வெளிச்சம் நேரே பள்ளத்தில்தான் விழுகிறது, திரும்பும் பாதை தெரிவதில்லை. மூடுபனியில் இன்னும் சிரமம். ஃபாக் லாம்ப் போட்டால் சரியாகுமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: ஓரளவு சரியாகும். முகப்பு விளக்கு காரின் மூக்கு பார்க்கும் திசையைத்தான் காட்டும். எவ்வளவு பிரகாசமானாலும் வளைவுக்குள் எட்டிப் பார்க்காது. பம்பரில் தாழ்வாகப் பொருத்தப்படும் ஃபாக் லாம்பின் ஒளி தூரம் போகாமல் இரு பக்கமும் அகலமாக விரிவதால், மெதுவாகத் திரும்பும்போது உட்பக்க ஓரமும் தடுப்புச் சுவரும் தெரியும். பனியிலும் அதே தாழ்வான ஒளிதான் துணை. ஹை பீமைப் போட்டால் பனித்துளிகளில் பட்ட ஒளி வெள்ளைச் சுவராகக் கண்முன்னே நிற்கும், எனவே லோ பீமும் ஃபாக் லாம்பும் மட்டும் போதும். மஞ்சள் நிறம் சிலருடைய கண்ணுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் பனியைத் துளைப்பது நிறமல்ல, விளக்கின் தாழ்ந்த இடமும் மேலே சிதறாத விளிம்பும்தான். பனி இல்லாத நேரத்தில் நேர்ச்சாலையில் அதை அணைத்துவிடுங்கள்.

வளைவை நெருங்கும்போது ஒருமுறை பிரைட் அடித்து, ஹார்ன் கொடுத்து, மேலேறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். நான்கு இண்டிகேட்டர்களும் ஒன்றாக மின்னும் ஹசார்டு விளக்கைப் போட்டபடி ஓட்டும் பழக்கம் மலையில் பரவியிருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பதை அது மறைத்துவிடும். காபித் தோட்டங்களை ஒட்டிய பகுதிகளில் காட்டெருமை சாலையில் நிற்கக்கூடும். அதன் கருத்த உடலில் விழும் ஒளி பெரிதாகத் திரும்புவதில்லை என்பதால், எந்த விளக்கைப் பொருத்தினாலும் அங்கே வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 58. கார் புதியது, விளக்கும் நன்றாக எரிகிறது. இருந்தும் இரவில் பெங்களூர் சாலையில் எதிர் விளக்குகள் பூவாய் விரிந்து எதுவுமே தெரிவதில்லை.
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: அம்மா, முதலில் முன்கண்ணாடியின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்துப் பாருங்கள். புதிய கார்களின் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாகப் படிவதுண்டு. பகலில் அது தெரியாது, எதிர் வெளிச்சம் பட்டால்தான் தெரியும். கோடு விழவைக்கும் வைப்பர் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். அதன் பிறகும் விளக்குகள் விரிந்தே தெரிந்தால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும், கண்புரை தொடங்கும்போது இப்படித்தான் தெரியும். இரவுக்கென்று விற்கும் மஞ்சள் மூக்குக்கண்ணாடி வாங்க வேண்டாம். குறைவாக வரும் வெளிச்சத்தையும் அது வடிகட்டிவிடும். எதிர் விளக்கு கூசும்போது பார்வையைச் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டுக்கு மாற்றி வேகத்தைக் குறையுங்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை தொப்பூர் கணவாயைப் பகலிலேயே கடந்துவிடுங்கள்.