பழைய பூங்காவின் மீசைக்கார இலையான்

கேள்வி: ஐயா, போன ஞாயிறு மகனோடு யாழ்ப்பாணம் பழைய பூங்காவுக்குப் போயிருந்தேன். வாங்கின் கைப்பிடியில் நீண்ட, சாம்பல் நிற இலையான் மாதிரி ஒன்று ஒரு தேனீயைக் கட்டிப்பிடித்தபடி இருந்தது. தேனீ அசையவே இல்லை. ஏழு வயது மகன் தொடப் போனான், இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இது என்ன? பிள்ளைகளைக் கொட்டுமா? மருந்து அடிக்கச் சொல்லலாமா?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: தங்கச்சி, மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். நீங்கள் பார்த்தது கொள்ளை ஈ. இலையான் இனம்தான், ஆனால் சோற்றிலோ குப்பையிலோ இருக்கிற இலையான் இல்லை. இது வேட்டைக்காரன். உலகம் முழுக்க 7,000க்கு மேற்பட்ட வகைகளை விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள்.

குளவி என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். குளவிக்கு நாலு இறக்கை, இதற்கு இரண்டே இரண்டு. பின் இறக்கை இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழ்கள் இருக்கும், பறக்கும்போது தளம்பாமல் இருக்க அவைதான் உதவும். கொட்டுகிற கொடுக்கு கிடையாது. கையால் பிடித்து நசுக்கினால் மட்டும் வாய் ஊசியால் குத்தும். நான் படிப்பித்த காலத்தில் ஒரு மாணவன் பிடித்துப் பொத்தி வைத்து, விரலை உதறிக்கொண்டு ஓடி வந்தான். நல்ல வலி, கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. சும்மா இருக்கிறவரைத் தேடி வந்து குத்தாது. மகனைத் தடுத்தது சரிதான், ஆனால் தூர இழுத்துப் போயிருக்க வேண்டாம்.

என் வீட்டுக் கிணற்றடியில் உடுப்புக் காயப்போடும் கொடியில் ஒன்று வந்து இருக்கும். ஒருநாள் கதிரையைப் போட்டு இருந்து பார்த்தேன். தலையை அங்கும் இங்கும் திருப்பும். ஏதாவது பறந்தால் சட்டென்று பாயும், தவறினால் திரும்ப அதே இடத்துக்கே வரும். நாலாவது பாய்ச்சலில் ஒரு இலையானோடு வந்தது. முள்ளு முள்ளான ஆறு கால்களாலும் கூடை மாதிரி வளைத்து, பறக்கும்போதே பிடித்துவிடுகிறது. பிறகு வாய் ஊசியைக் குத்தி உமிழ்நீரை ஏற்றும். அதில் இருக்கிற நஞ்சு இரையை மரத்துப்போகச் செய்யும், உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து கூழாகும், அதை உறிஞ்சிவிட்டு வெறும் கோதைக் கீழே போடும். உங்கள் தேனீ அசையாததற்கு அதுதான் காரணம்.

முகத்தில் விறைப்பான மயிர்க் கற்றை ஒன்று இருக்கும், அசல் மீசைதான். துடிக்கிற இரையின் காலும் கொடுக்கும் முகத்தில் படாமல் அது காக்கும் என்பார்கள். இரண்டு பெரிய கண்களுக்கும் நடுவே உச்சந்தலை பள்ளமாக இருக்கும். இந்தப் பள்ளம் இதற்கு நல்ல அடையாளம்.

பழைய பூங்காவில் இதைக் கண்டதில் எனக்குப் பெரிய சந்தோஷம். வெள்ளைக்காரர் ஆட்சியில், 1829 முதல் 1867 வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரையின் காலத்துப் பூங்கா அது. இந்த ஈயின் புழுக்கள் மண்ணுக்குள்ளும் உக்கிய மரத்துக்குள்ளும் இருந்து வண்டுப்புழுக்களைத் தின்று வளரும். சில வகைகளுக்கு அப்படி வளர ஒரு வருடத்துக்கு மேலேயும் போகும். ஆகவே பெருமரமும் சருகும் கிளறாத மண்ணும் இருக்கிற இடம் அதற்கு வேணும். மருந்து அடித்தால் அதுவும் போகும், அதன் இரையும் போகும். பிறகு இலையான் மட்டும் முந்தித் திரும்பி வரும்.

மகனை வெயில் ஏறின பிறகு, பத்து மணிபோலக் கூட்டிப்போங்கள். வெயில் படுகிற காய்ந்த தடி, வாங்கு, கம்பி வேலி இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முழத் தூரத்தில் ஆடாமல் நின்றால் அது பறக்காது.

கேள்வி: என் தேன்பெட்டிக்குப் பக்கத்திலும் இப்படி ஒன்று நிற்கிறது. அடித்துவிடலாமா?
- ஒரு வாசகர், இணுவில்

பதில்: வேண்டாம் தம்பி. நல்ல கூட்டில் தேனீ ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒரு கொள்ளை ஈ ஒரு நாளில் பிடிக்கிற சிலதால் கூடு குறையாது. பெட்டி வாசலுக்கு நேரே காய்ந்த தடி, கம்பி இருந்தால் எடுத்துவிடுங்கள், இருந்து பார்க்க இடமில்லாவிட்டால் வேறு பக்கம் போய்விடும். நீங்கள் கவனிக்க வேண்டியது மெழுகுப் பூச்சியையும் எறும்பையும்தான். பெட்டிக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் வைத்திருக்கிறீர்களா?